பலூனில் வந்த மூச்சு

உயிரின் விலை எண்ணூறு. புட்டிக்குத் தனியாக அறுபது. பலூனை வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மூடிப்போன ஒரு சோபாக் கடையின் கண்ணாடிக் கதவில் இப்படி ஒரு பலகை தொங்கியது. சோபா விற்ற காலத்தில் அந்தக் கடைக்கு நாளுக்கு நாலு பேர் வந்தால் பெரிய காரியம். அந்த நாலு பேரும் உட்கார்ந்து பார்த்து, எழுந்து, விலை கேட்டு, நடையைக் கட்டிவிடுவார்கள். மூச்சையா என்ற வைத்தியர் அங்கே வந்து குடியேறியதும் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. வரிசையில் நின்ற எல்லார் கையிலும் ஒரு பலூன். சிவப்பு, மஞ்சள், ஊதா. விவரம் தெரியாத யாரோ ஒருவர், ஏதோ பிறந்தநாள் விருந்து என்று நினைத்துத் தானும் வரிசையில் நின்று, கதவருகே வந்த பிறகுதான் எண்ணூறு கேட்பார்கள் என்று தெரிந்து விலகினார். அன்று அந்த வரிசையில் தப்பித்த புத்திசாலி அவர் ஒருவர்தான், அதுவும் தற்செயலாக.

பலூனில் இருந்தது மூச்சு. ரத்தப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் எழுந்து வந்து மூச்சையா முன்னால் ஊத முடியாது. அதனால் படுக்கையிலேயே பலூனை ஊதிக் கொடுப்பார், உறவுக்காரர் கொண்டுவருவார். மூச்சையா கண்ணை மூடிக்கொண்டு முடிச்சை அவிழ்த்து, அந்தக் காற்றை ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் விடுவார். புட்டிக்குள் ஈர ரொட்டித் துண்டு ஒன்று கிடக்கும். மூடியில் ஐந்து துளை. உள்ளே பூக்கப்போகும் பூவும் மூச்சு விட வேண்டாமா?

அந்தப் புட்டியை நோயாளியின் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும். நாலைந்து நாளில் ரொட்டியின்மேல் பஞ்சுபோல வெள்ளையாகப் பூக்கும். ரத்தத்தில் பெருகிக் கிடந்த கெட்ட வெள்ளை அணுக்கள் வெளியேறிவிட்டன என்று அதற்குப் பொருள். டாக்டர்களும் வெள்ளை அணு என்றுதானே சொல்கிறார்கள்? இதுவும் வெள்ளையாகத்தானே இருக்கிறது? இதற்கு மேலும் சாட்சி கேட்பவன் மனிதனா? வெள்ளைக்கு நடுவே கறுப்புப் புள்ளி விழுந்தால் இன்னும் விசேஷம், நோய் வேரோடு வந்துவிட்டது. கடைசியாக மூடியைத் திறந்து, நோயாளி மூன்று முறை ஆழமாக முகர வேண்டும். அத்தோடு நோய்க்கும் உடம்புக்கும் இருந்த உறவு அறுந்துவிடும்.

வெயில் ஏற ஏற ஒரு பலூன் வெடித்தது.

"எங்க சித்தப்பா" என்று ஒரு பெண் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

சித்தப்பா அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில், காப்பியில் சர்க்கரை இல்லை என்று நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால், ஊதா நிறப் பலூனோடு நின்றவரைக் கடைத்தெருவில் பாதிவிலையார் என்பார்கள். பொத்தானும் ஜிப்பும் விற்கிறவர். எதை வாங்கினாலும் சொன்ன விலையில் பாதியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். தன் கல்யாண மண்டபத்து வாடகையையும் அப்படித்தான் குறைத்தார், மணமேடையில் உட்கார்ந்தபடியே. அவர் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடையின் கல்லாவில் உட்கார்ந்து, வருகிற சரக்கைப் புரட்டிப் பார்த்து, "இந்தப் பெட்டியில அடியில ஒரு அடுக்கு உடைஞ்சது வெச்சிருக்கான், திருப்பி அனுப்புங்க" என்று சொல்லும் ஆள் அவள். அவள் இல்லாத கல்லாவில் அவருக்கு உட்காரப் பிடிக்கவில்லை. அதனால்தான் இங்கே வந்து நின்றார்.

அவர் முறை வந்தது.

"எண்ணூறு ரொம்ப அதிகங்க."

மூச்சையா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "உயிருக்கா?"

"உயிருக்கு இல்ல, ரொட்டிக்கு. நானூறு வெச்சுக்கங்க."

பக்கத்தில் நின்ற உதவியாள் திடுக்கிட்டுப் போனான். வரிசை முழுக்க முணுமுணுத்தது. மூச்சையா இரண்டாவது கண்ணையும் திறந்து, பாதிவிலையாரை மேலும் கீழும் பார்த்து, "உங்க முகத்துக்காக நானூத்தம்பது. வெளியில சொல்லிடாதீங்க" என்றார்.

பாதிவிலையார் விழுந்த இடம் அதுதான். விலை இறங்கினால் சரக்கு அசல் என்பது கடைத்தெருவில் அவர் கற்ற பாடம். கொள்முதல் விலை என்று ஒன்று இருக்கிறவன்தான் ஒரு கட்டத்துக்குக் கீழே இறங்காமல் நிற்பான். இவர் நானூற்றைம்பதில் நின்றார், ஆகவே இவரிடம் கொள்முதல் இருக்கிறது, ஆகவே சரக்கு இருக்கிறது. நாலு நாள் பழைய ரொட்டிக்கும் ஒரு கொள்முதல் உண்டு என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

*

ஆஸ்பத்திரியில் அவர் மனைவியைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். உள்ளே போக முகமூடி, மேலங்கி, கை கழுவுதல் எல்லாம் உண்டு. பூங்கொத்து கூடாது, தொட்டிச் செடி கூடாது, தோலோடு பழம் கூடாது. பாதிவிலையார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மாற்றுத் துணிப் பைக்குள் புட்டியைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். பலூனை ஊத வைத்ததும் அப்படித்தான். "நுரையீரலுக்குப் பயிற்சியாம்" என்று சொல்லியிருந்தார்.

நாலாம் நாள் ரொட்டி பூத்தது. பையை லேசாகத் திறந்து பார்த்தவருக்குக் கண் கலங்கியது. என்ன வெள்ளை. எத்தனை அடர்த்தி. இத்தனையும் அவள் உடம்புக்குள்ளா இருந்தது? நாளைக்கு முகர வைத்துவிட வேண்டியதுதான்.

அன்று டாக்டரம்மா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். வந்ததும் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டைப் பற்றிக் கேட்டார்.

"உங்க வீட்டுல இடிச்சுக் கட்டற வேலை ஏதாவது நடக்குதா? ஈரச் சுவர், அழுகின பழம், புறா அடையற இடம்?"

"எதுவும் இல்லையே. ஏன் டாக்டர்?" என்றாள் மனைவி.

"பக்கத்து அறையில லாரி ஓட்டறவர் இருக்காரில்ல, அவருக்குக் கன்னம் வீங்கி, அண்ணத்துல கறுப்பா ஒரு திட்டு வந்திருக்கு. பூஞ்சணம். ரொட்டி கெட்டுப்போனா பூக்குமே, அந்த ஜாதி. அதை நாம எல்லாரும் தினமும் மூச்சுல இழுத்துக்கிட்டுத்தான் இருக்கோம், ஒண்ணும் ஆகாது. உள்ள காவல்காரங்க இருக்காங்க, அடிச்சு விரட்டிடுவாங்க. உங்களுக்கெல்லாம் இப்போ காவல் இல்ல. கெட்ட வெள்ளை அணுவைக் கொல்லக் கொடுத்த மருந்துல நல்லதும் சேர்ந்து போயிருக்கு. திரும்பி வர்ற வரைக்கும் வீடு திறந்து கிடக்கு."

"அடிக்கடி வர்றதா இது?"

"எங்க ஆஸ்பத்திரியில வருஷத்துக்கு ஒண்ணு பார்த்தா அதிகம். இந்த மாசம் மூணு. எங்கேயிருந்து வருதுன்னே பிடிபடலை. ஏசிக் குழாயைக்கூடக் கழட்டிப் பார்த்துட்டோம்."

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். முடி கொட்டிய தலையில் ஒரு துணியைக் கட்டியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண் மட்டும் கல்லாவில் உட்கார்ந்திருந்த அதே கண்.

"டாக்டர், கிடைக்காத சரக்கு ஒரே மாசத்துல மூணு பேர் கையில இருந்தா, எங்கேயோ ஒருத்தன் மொத்தமா இறக்கியிருக்கான்னு அர்த்தம். குழாயில தேடாதீங்க. வெளியிலேர்ந்து யாரு என்ன கொண்டுவராங்கன்னு பாருங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளில் அதைக் குறித்துக்கொண்டார்.

"ஏங்க, இந்தக் குளிர்ல உங்களுக்கு மட்டும் ஏன் வேர்க்குது?" என்றாள் மனைவி.

பாதிவிலையார் குனிந்தார். பை வெளியே வந்தது. நர்ஸ் அதை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கிக் கட்டி, கையை நீட்டிப் பிடித்தபடியே வெளியே கொண்டுபோனாள். வெடிகுண்டைக் கொண்டுபோகிறவர்கள்கூட உடம்பைவிட்டு அத்தனை தூரம் பிடிக்க மாட்டார்கள். டாக்டரம்மா பக்கத்து அறைக்கு ஓடினார். அங்கேயும் கட்டிலுக்கு அடியில் ஒரு புட்டி இருந்தது. மூடி திறந்திருந்தது. லாரி ஓட்டுநர் மூன்று முறைக்கு ஆறு முறையாக முகர்ந்திருந்தார், சீக்கிரம் வண்டி எடுக்க வேண்டும் என்று.

"எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"எண்ணூறு சொன்னான். நானூத்தம்பதுக்கு முடிச்சேன்." இந்த நிலையிலும் குரலில் ஒரு சிட்டிகைப் பெருமை தட்டுப்பட்டது. அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

"சாவைக்கூடப் பேரம் பேசித்தான் வாங்குவீங்க இல்ல?"

"பூத்துச்சேம்மா. நீ ஊதின காத்துலதானே பூத்துச்சு?"

"நான் ஊதாம இருந்திருந்தா பூத்திருக்காதா?"

அவர் குனிந்து, கட்டிலுக்கு அடியில் காலியான இடத்தைப் பார்த்தார்.

"ஒரு ஜிப்பு வாங்கினா பத்து தடவை இழுத்துப் பார்ப்பீங்களே. இதை ஒரு தடவை இழுத்துப் பார்த்தீங்களா? பஞ்சர் கடைக்குப் போங்க. சைக்கிளுக்கு அடிக்கிற காத்தைப் பலூன்ல பிடிங்க. என் அண்ணன் மூச்சுன்னு கொண்டுபோய்க் குடுங்க. அதுவும் பூத்தா, என்னன்னு அவனையே கேளுங்க."

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஸ்கேனில் நுரையீரலின் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தது. "இது அதுதானான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல முடியாது. சொல்லத் தெரியற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கவும் முடியாது" என்று டாக்டரம்மா மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார். பாதிவிலையார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க இங்க உக்காந்து என் மூஞ்சியைப் பார்த்தா காய்ச்சல் இறங்கிடுமா? அங்க வரிசை நீண்டுக்கிட்டே போகுது. எழுந்திருங்க" என்றாள் அவள்.

*

பஞ்சர் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் காசு வாங்க மறுத்துவிட்டார். "என் மிஷினுக்கு வைத்தியம் பாக்கறேங்கறீங்க. நான்தான் உங்களுக்குக் குடுக்கணும்" என்று ஒரு பச்சைப் பலூனைப் பெரிதாக நிரப்பிக் கொடுத்தார்.

மூச்சையா அதன் முடிச்சை அவிழ்த்ததும் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார். "பாவம். ரொம்ப வலி இருக்கு இந்த மூச்சுல."

"ஆஸ்பத்திரியில புட்டியை உள்ள விடமாட்டேங்கறாங்க. இங்கேயே வெச்சுப் பூக்க வைக்கலாமா?"

அதற்கும் வசதி இருந்தது. சோபாக் கடையின் பின்னறைக்குப் பூவறை என்று பெயர். அங்கே புட்டி தங்குவதற்குத் தனிக் கட்டணம். பாதிவிலையார் இந்த முறை பேரம் பேசவில்லை. மூச்சையா அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

பூப்பார்வை நாள். முன்கூடம் நிறைய ஜனம். மூச்சையா ஒவ்வொரு புட்டியாகத் தூக்கிக் காட்டிப் பலன் சொன்னார். கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் பலர், கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் பலர். பாதிவிலையாரின் புட்டி வந்தபோது கூட்டமே மூச்சை இழுத்துப் பிடித்தது. வாய்வரை பஞ்சு, நடுவே கரும்புள்ளிகள்.

"யாரு இவரு?"

"என் மனைவி அவங்க அண்ணன்னு சொல்லச் சொன்னாங்க."

"முத்திப்போன நோய். நல்லவேளை, வேரோட வந்துடுச்சு. மூச்சு வாங்குமே அவருக்கு?"

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வாங்கிக்கிட்டேதாங்க இருக்கு."

"ராத்திரியில உடம்பு ஜில்லுன்னு ஆயிடும்."

"ஆயிடுதுங்க. தொட்டாலே தெரியும்."

"சாப்பாடு இறங்காது."

"வெறும் எண்ணெய்தாங்க. அதுவும் மாசத்துக்கு ஒரு தடவை."

மூச்சையா கூட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஏழு புட்டி வேணும். ஏழாவது புட்டியில எழுந்து நடப்பாரு."

"நடந்தா நல்லதுதாங்க, தூக்கிட்டு வர்றது கஷ்டமா இருக்கு" என்று பாதிவிலையார் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். பஞ்சர் கடைக்காரரும் அவர் மச்சானும் காற்றடிக்கும் மிஷினை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, நட்டநடுக் கூடத்தில் இறக்கி வைத்தார்கள். "இவருதாங்க. இவரு மூச்சுதான் அந்தப் புட்டியில இருக்கு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். கூட்டத்தை அறியாதவர்கள்தான் அப்படி நினைப்பார்கள்.

மூச்சையா அசையவில்லை. "மிஷின் காத்தை எங்கேயிருந்து எடுக்குது? தெருவுலேர்ந்து. அந்தத் தெருவுல எத்தனை நோயாளி நடந்து போயிருப்பாங்க? அத்தனை பேர் நோயையும் இந்த வாயில்லாத ஜீவன் குடிச்சிருக்கு. என் பூ அதையும் கண்டுபிடிச்சிருக்கு."

கூட்டம் மெல்லத் தலையாட்டியது. ஆமாம், இருக்கலாம். ஒரு பெரிய மனிதர் எழுந்து, "அப்போ எங்க தெருவுக்கு மொத்தமா ஒரு புட்டி வெச்சா எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். பஞ்சர் கடைக்காரர் தன் மிஷினைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பாதிவிலையார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். மனைவி சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இங்கே இன்னும் முப்பது நாற்பது புட்டிகள், முப்பது நாற்பது கட்டில்களுக்கு அடியில் போகத் தயாராக இருந்தன. அவர் கடைக்காரர். கடைக்காரருக்கு என்ன தெரியும்? எந்தக் கடையிலும் பின்னால் ஓர் அலமாரி இருக்கும் என்று தெரியும்.

"சரிங்க, உங்க பேச்சுக்கே வரேன்" என்றார். "பூக்கறது நோயாளியோட மூச்சாலதான். மூச்சுப் படாத புட்டி பூக்காது. அப்படித்தானே?"

"அதிலென்ன சந்தேகம்? வருஷக்கணக்கா வெச்சாலும் சுத்தமா இருக்கும்."

"அப்போ விக்காத சரக்கைக் காட்டுங்க."

"என்னது?"

"ரொட்டி போட்டு மூடி வெச்சிருப்பீங்க. இன்னும் யார் மூச்சும் படாதது. நான் மொத்தமா ஐம்பது எடுத்துக்கறேன், சொன்ன விலைக்கே. முதல்ல சரக்கைக் கண்ணால பாக்கணும்."

சொன்ன விலைக்கே என்ற சொல்லைக் கேட்டதும் மூச்சையாவின் கண்ணில் ஒரு மினுக்கு ஓடியது. ஓடி முடிவதற்குள் உதவியாள் பின்னறை அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். அவன் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான். அலமாரி எது என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

"சாவி இல்லீங்க" என்றான்.

"சாவிக் கொத்து உன் இடுப்புலதானே தொங்குது, தம்பி?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள். "நல்ல சரக்கைக் காட்டறதுக்கு என்ன தயக்கம்? நானும் நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு வாங்கணும். காட்டு."

"காட்டுப்பா" என்றது கூட்டம். ஒன்று சொல்ல வேண்டும், கூட்டத்துக்கு அப்போதும் சந்தேகம் வந்திருக்கவில்லை. வாங்கப்போகிற சரக்கைப் பார்க்கும் ஆசைதான்.

அலமாரி திறந்தது.

தட்டுத் தட்டாகப் புட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் தாடி. வெள்ளைத் தாடி, சாம்பல் தாடி, பச்சைத் தாடி, கறுப்புப் பொட்டு வைத்த தாடி. அடித்தட்டில் இருந்தவை மூடியின் துளை வழியே மயிர் நீட்டிக்கொண்டிருந்தன. ஈர வாடை குப்பென்று கூடத்துக்குள் வந்தது.

மூன்று முறை ஆழமாக முகரச் சொன்னவர், எல்லாருக்கும் முந்தித் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யார் மூச்சுங்க இது?" என்று பாதிவிலையார் கேட்டார். சத்தம் போடவில்லை. "இத்தனை பேர் ரத்தம் கெட்டுப்போயிருக்கே, யார் இவங்கல்லாம்?"

முன்வரிசை அம்மாள் எழுந்துபோய் ஒரு புட்டியை எடுத்து மூச்சையாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீங்க முகருங்க. ஒரே ஒரு தடவை."

மூச்சையா பின்வாசல் எங்கே என்று பார்த்தார். சோபாக் கடைக்குப் பின்வாசல் இல்லை. அதனால்தான் அது குறைந்த வாடகைக்குக் கிடைத்திருந்தது.

"அதைக் கீழ வைங்கம்மா, திறக்காதீங்க" என்றார் பாதிவிலையார். "யாரும் கிட்ட போகாதீங்க. இந்தத் துணியோட ஆஸ்பத்திரிக்கும் போகாதீங்க. வீட்டுக்குப் போய்த் தலை முழுகிட்டுப் போங்க. கட்டிலுக்கு அடியில புட்டி இருக்குன்னா இப்பவே போன் பண்ணி நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க. திட்டுவாங்க. வாங்கிக்கங்க. நானும் வாங்கினேன்."

*

காய்ச்சல் ஒரு வாரம் ஏறி இறங்கியது. பிறகு ஒரு காலையில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை ஆட்டிக்கொண்டே வந்தார். "காவல்காரங்க திரும்பி வர ஆரம்பிச்சுட்டாங்க." புள்ளி சுருங்கியிருந்தது. மருந்தை இன்னும் பல மாதம் விடக்கூடாது. சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தப் புற்றுநோய் இனிமேல்தான் முழுதாகத் தீர வேண்டும். "எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. வீட்டுக்கு எப்போன்னு சொல்லலையே" என்றாள் அவள்.

லாரி ஓட்டுநருக்கு ஒரு கண்ணையும் கன்னத்து எலும்பையும் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். டாக்டரம்மா சொன்ன மற்ற இருவரில் ஒருவரும் தேறினார், இன்னொருவர் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. பாதிவிலையார் அவளைப் பார்த்ததே இல்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது.

மூச்சையாவைப் பிடித்து வைத்திருந்த காவல் நிலையத்தின் வாசலில் மறுபடியும் வரிசை, இந்த முறை பலூன் இல்லாமல். எல்லாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்தவர்கள். சாட்சி சொல்ல வந்த பாதிவிலையாரும் அதில் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இவன் ஃபிராடுங்க. ரயிலடிப் பக்கம் ஒருத்தர் வந்திருக்காராம். புட்டி கிட்டி ஒண்ணும் கிடையாது. கண்ணாடியில ஊதினா போதும், நோய் படமாவே தெரியுதாம். ஐந்நூறுதானாம்."

"அவரு எதை வெச்சு அப்படிச் சொல்றாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன். கடைசியா முந்நூறுக்கு வரேன்னுட்டாரு."

அன்று மாலை நிலையத்தில் எழுதி முடித்த கணக்கு இது. பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வர முடியாமல் போனவர் ஒருவர். மூச்சையாவிடம் இருந்து மீட்ட தொகையில் ஆளுக்குப் பாதி தேறும் என்றார் அதிகாரி, அந்த வரவு எழுதப்பட்டது. பணம் கொடுப்பதற்கு முன்னால் விலையைத் தவிர வேறு கேள்வி கேட்டவர்கள் யாருமில்லை. ஆளுக்கு ஒரு கேள்வி வீதம், முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் இன்னும் பாக்கி.